வழி திறந்த வில்வண்டி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டை அடைகிறது. அச்சாலையை ஒட்டிய சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இங்கே எல்லை வகுக்கப்பட்டது. அதற்கு முன்னர், எல்லையின் இருபுறத்து ஊர்களும் நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தன.

இன்று இச்சாலையில் யாரும் தடையின்றிச் செல்லலாம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலை இல்லை. நெய்யாற்றின்கரைப் பகுதியின் பொதுச் சாலைகளில் நடப்பதற்கே ஒரு பகுதி மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமையை வில்வண்டி ஏறிச் சென்று நிலைநாட்டியவர் அய்யன்காளி.

ஊர்தியும் உயர்வும்

ஊர்தி என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல உதவும் கருவி மட்டுமன்று. பழங்காலம் முதலே அது மதிப்பின் அடையாளமாகவும் விளங்கியது. அரசர் யானைமீதும் குதிரைமீதும் உலா வந்தனர். செல்வர் பல்லக்கில் சென்றனர். ஆகவே, ஒருவரைத் தாழ்த்த விரும்பியவர்கள் முதலில் அவருடைய ஊர்தியைப் பறித்தனர். அயர்லாந்து நாட்டில் 1695ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், கத்தோலிக்கர் ஐந்து பவுண்டுக்கு மேல் விலையுள்ள குதிரையை வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. வட இந்தியாவில் மணமகன் குதிரையேறி ஊர்வலம் வருவது வழக்கம். ஆனால், ஒடுக்கப்பட்ட குடும்பத்து மணமகன் குதிரையேறுவதைத் தடுக்கும் கொடுமை இன்றும் சில ஊர்களில் நிகழ்கிறது.

வயலும் நீரும் மிகுந்த தென் திருவிதாங்கூரில் குதிரை அரிது. எருதுகளே வண்டி இழுத்தன. அங்குச் செல்வரின் ஊர்தி வில்வண்டி ஆகும். அதன் அச்சுக்கும் மேற்கூட்டுக்கும் இடையே வில்போல் வளைந்த எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அத்தகடுகள் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நிலவுடைமையாளரான உயர்சாதியினரே அத்தகைய வண்டியில் சென்றனர்.

பிறப்பும் இளமையும்

அய்யன்காளி 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், விழிஞ்ஞம் கடற்கரைக்கு அருகிலுள்ள வெங்கானூரில் பிறந்தார். தந்தையார் அய்யன், தாயார் மாலா. பிள்ளைகள் எண்மருள் அய்யன்காளியே மூத்தவர். அவர் பிறந்த புலையர் குலத்தினர் பிறர் நிலத்தில் உழைக்கும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோதிலும் வாழ்வில் மாற்றம் ஏற்படவில்லை. பொதுச் சாலையில் நடக்கவும், சந்தைக்குள் செல்லவும், பள்ளியில் பயிலவும் அவர்களுக்குத் தடை நீடித்தது.

அய்யன் கடுமையாக உழைத்துச் சிறிது நிலம் பெற்றிருந்தமையால் குடும்பத்தில் வறுமை குறைவாக இருந்தது. ஆயினும், அய்யன்காளிக்குப் பள்ளியின் வாயில் திறக்கவில்லை. எழுத்தறிவு பெறாமலேயே அவர் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் உதைத்த பந்து உயர்சாதியார் ஒருவருடைய வீட்டில் விழுந்ததற்காக இகழப்பட்டார் என்பர். விளையாட்டிலும் தீண்டாமை உண்டு என்பதை அவர் அன்று உணர்ந்தார். பின்னர்த் தம் வயதுடைய இளைஞர்களை ஒன்று திரட்டி, அவர்களுக்குத் தற்காப்புக் கலையில் பயிற்சி அளிக்கச் செய்தார். 1888ஆம் ஆண்டு செல்லம்மா என்பவரை மணந்தார்.

சாலையில் ஒலித்த மணியோசை

1893ஆம் ஆண்டு, முப்பது வயது நிரம்பிய அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலை கொடுத்து வாங்கினார். இரண்டு வெள்ளை எருதுகளை நுகத்தில் பூட்டினார். அவற்றின் கழுத்தில் மணிகளைக் கட்டினார். வெள்ளை வேட்டி உடுத்துத் தலைப்பாகை அணிந்து, வண்டியில் நிமிர்ந்து அமர்ந்தார். மணிகள் ஒலிக்க, வண்டி பொதுச் சாலையில் சென்றது.

அச்செயலில் நான்கு தடைகள் ஒருங்கே மீறப்பட்டன. சாலை விலக்கப்பட்டது, வண்டி விலக்கப்பட்டது, தூய வெள்ளாடையும் தலைப்பாகையும் விலக்கப்பட்டவை. உயர்சாதியினர் சினந்து வழிமறித்தனர். அய்யன்காளி அஞ்சவில்லை, வண்டியைத் திருப்பவும் இல்லை. அன்று தொடங்கிய பயணத்தை அவர் தொடர்ந்து மேற்கொண்டார்.

எனினும், ஒருவர் வண்டியில் செல்வது போதுமானதன்று என்பதை அவர் அறிந்திருந்தார். வண்டி வாங்க இயலாத ஏழைகளும் அச்சாலையில் நடக்க வேண்டும் என்று எண்ணினார். ஆகவே, தோழர்களுடன் சந்தையை நோக்கி நடந்தே சென்றார். 1898ஆம் ஆண்டு, கைத்தறிக்குப் பெயர் பெற்ற பாலராமபுரத்தில் சாலியத் தெருவில் அவர்கள் தாக்கப்பட்டனர். அவர்களும் எதிர்த்து நின்றனர். இருதரப்பிலும் பலர் காயமுற்றனர். இதனைக் கேள்வியுற்ற மற்ற ஊர் இளைஞர்களும் சாலைகளில் நடக்கத் துணிந்தனர். 1900ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூரின் பெரும்பாலான சாலைகளில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமையைப் பெற்றனர்.

பள்ளியை நோக்கி

சாலை திறந்தது, ஆனால், பள்ளியின் கதவு மூடியே இருந்தது. 1904ஆம் ஆண்டு அய்யன்காளி வெங்கானூரில் தம் மக்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். பகைவர் அதனைத் தீக்கிரையாக்கினர். அவரோ மனம் தளராமல் மீண்டும் அதனை எழுப்பினார். 1907ஆம் ஆண்டு சாதுஜன பரிபாலன சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார்.

ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு இசைந்தபோதிலும், உள்ளூரில் நிலவுடைமையாளர் அதனைத் தடுத்தனர். அப்போது அய்யன்காளி புதியதொரு போர்முறையை வகுத்தார். தம் பிள்ளைகளுக்குக் கல்வி மறுக்கப்படும் வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர் உறுதி பூண்டனர். ஏர்கள் ஓய்ந்தன, வயல்களில் களை மண்டியது. வேலையும் கூலியும் இன்றித் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். அவர்களுள் சிலருக்கு விழிஞ்ஞம் மீனவர்கள் தம் படகுகளில் வேலை கொடுத்து உதவினர் என்பர். எழுத்தறியாப் பெற்றோர் தம் மக்களின் எழுத்தறிவுக்காகப் பசியைத் தாங்கினர்.

பாலராமபுரத்தை அடுத்த ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி அவளை அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த வகுப்பிலிருந்து பிற மாணவர் வெளியேறினர். பின்னர் அப்பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. அத்தீயில் பாதி கருகிய மர இருக்கை ஒன்று இன்றும் அங்குப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

மன்றத்தில் ஒலித்த குரல்

1911ஆம் ஆண்டு அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபை என்னும் மக்கள் மன்றத்திற்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பொறுப்பில் இருந்தார். நிலமற்றோருக்கு நிலம், குழந்தைகளுக்குக் கல்வி, கற்றோருக்கு அரசுப் பணி ஆகியவற்றை அங்கு இடைவிடாது வலியுறுத்தினார்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூரில் ஆலய நுழைவு அறிவிப்பு வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். அப்போது அம்முதியவர் தமக்கென எதனையும் கேட்கவில்லை. தம் குலத்தில் பத்துப் பட்டதாரிகளையாவது கண்ட பின்னரே கண்மூட வேண்டும் என்பதே அவர் தெரிவித்த விருப்பம். 1941ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

நினைவுச் சின்னங்கள்

திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவருடைய சிலை 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இந்திய அரசு 2002ஆம் ஆண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. ஊரூட்டம்பலம் பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. தீயிட்டு எரிக்கப்பட்ட அப்பள்ளியில் இன்று எல்லாக் குழந்தைகளும் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர். அய்யன்காளியின் வில்வண்டி சென்று சேர வேண்டிய இடம் அதுவே.

சொற்பொருள்

ஊர்தி – வாகனம்
நுகம் – எருதுகளைப் பூட்டும் மரத்தடி
தீக்கிரையாக்குதல் – எரித்து அழித்தல்
களை – பயிருக்கு இடையே வளரும் வேண்டாத புல், பூண்டு
இயற்கை எய்தினார் – இறந்தார்

பயிற்சி

1. வில்வண்டி என்னும் பெயர் எதனால் வந்தது?
2. அய்யன்காளியின் வண்டிப் பயணத்தில் மீறப்பட்ட நான்கு தடைகள் யாவை?
3. வண்டியில் சென்ற அய்யன்காளி, பின்னர்த் தோழர்களுடன் நடந்து சென்றது ஏன்?
4. உழவுத் தொழிலாளர் வேலை செய்ய மறுத்ததற்குக் காரணம் என்ன? அதனால் அவர்கள் அடைந்த துன்பம் யாது?
5. நீ நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் வழியைப் பற்றியும், அவ்வழியில் காணும் ஊர்திகளைப் பற்றியும் பத்து வரிகளில் எழுதுக.
6. உன் தாத்தா, பாட்டி பள்ளிக்குச் சென்ற வழியைப் பற்றி வீட்டில் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.