சிறுகதை மன்னன் புதுமைப்பித்தன்

தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் நீங்காத இடம் பெற்றவர் புதுமைப்பித்தன். அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். அவர் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் தமிழ்நாட்டில் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தாராகப் பணியாற்றியவர். அவருக்குப் பணிமாற்றம் வரும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி எனச் சிறுவன் விருத்தாசலத்தின் தொடக்கக் கல்வி பல ஊர்களில் அமைந்தது. எட்டு வயதில் அவர் தாயை இழந்தார்.

தந்தை ஓய்வு பெற்ற பின்னர், 1918இல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்குப் பள்ளிப் படிப்பை முடித்த விருத்தாசலம், இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றார். பாடநூல்களைவிட ஆங்கிலக் கதை நூல்களையே அவர் விரும்பிப் படித்தார். பிற நாட்டுச் சிறுகதைகளின் அமைப்பும் கூர்மையும் அவரை ஈர்த்தன. அதே வேளையில், தாமிரபரணிக் கரை மக்களின் பேச்சும் கிண்டலும் அவர் காதில் தங்கிவிட்டன. பிற்காலத்தில் அவர் எழுதிய கதைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்தன.

எழுத்தையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அது துணிச்சலான முடிவு. அக்காலத்தில் எழுத்தால் குடும்பம் நடத்துவது எளிதன்று. அவருடைய முதல் கட்டுரை 1933இல் ‘காந்தி’ இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு ‘மணிக்கொடி’ இதழில் சிறுகதைகள் எழுதத் தொடங்கினார். மனைவி கமலாவைப் பிரிந்து, வேலைக்காகச் சென்னையில் தனித்து வாழ்ந்த நாள்கள் பல. ‘ஊழியன்’ இதழில் சிறிது காலமும், ‘தினமணி’ நாளிதழில் 1943 வரை பல ஆண்டுகளும் பணிபுரிந்தார். நாளேட்டு வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் எழுதியவைதாம் இன்று நாம் போற்றும் கதைகள். 1940இல் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ என்னும் முதல் தொகுப்பு வெளிவந்தது.

அவர் ஏறத்தாழ நூறு சிறுகதைகளைப் படைத்தார். பிற மொழிக் கதைகள் பலவற்றையும் தமிழாக்கம் செய்தார். பிறர் கதையைத் தழுவி எழுதி அதைத் தம் கதைபோல் காட்டுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரின் பெயரோடு வர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

புதுமைப்பித்தனின் கதைமாந்தர் யார்? கடைக் கணக்கர், வறுமையில் வாடும் எழுத்தாளர், நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்யும் துணிக்கடைச் சிப்பந்தி, குதிரைவண்டி ஓட்டுபவரின் மனைவி. அதற்கு முன்னர்ப் பெரும்பாலும் கதையின் ஓரத்தில் நின்றவர்களை அவர் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களை நல்லவர், கெட்டவர் என்று எளிதாகப் பிரிக்கவும் இல்லை. ஒரு நெருக்கடியில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கருப்பொருளைக் கண்டறியும் பொறுப்பு வாசகருடையதாயிற்று.

‘மனித யந்திரம்’ என்னும் கதையைப் பாருங்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பல்லாண்டுகளாக ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். ஒருநாள் இரவு, கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட எண்ணி இரயில் நிலையம் வரை போகிறார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்து, பணத்தை வைத்துவிட்டு, தாம் செலவழித்த சிறு தொகையைத் தம் பெயரிலேயே பற்று எழுதிவிடுகிறார். அவர் திரும்பியதற்குக் காரணம் நேர்மையா, அச்சமா, பழக்கமா? கதையில் நேரடியான விடை இல்லை. தலைப்பில் உள்ள ‘யந்திரம்’ என்னும் சொல்லையும் அவருடைய இறுதிச் செயலையும் சேர்த்து எண்ணும்போது, தினசரி உழைப்பு ஒரு மனிதரை எப்படிப் பொறியாக மாற்றிவிடுகிறது என்னும் கருப்பொருள் புலப்படுகிறது.

‘சாப விமோசனம்’ இராமாயணத்தின் அகலிகையை மீண்டும் நம்முன் நிறுத்துகிறது. சாபம் நீங்கிப் பெண்ணான அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் செய்தது இராமன்தான் என்பதை அறிந்து அதிர்கிறாள். தன்னை மன்னித்தவன் அவளை ஏன் சோதித்தான் என்னும் கேள்வி அவளை வாட்டுகிறது. இறுதியில் மீண்டும் கல்லாகிறாள். பழைய கதையில் அகலிகை கல்லானது பிறர் இட்ட சாபத்தால். இந்தக் கதையிலோ அவள் உள்ளமே அவளைக் கல்லாக்குகிறது. அந்த ஒரு மாற்றத்தால் பெண்ணுக்கு நீதி எது என்பது கருப்பொருளாகிறது.

மலேசிய மாணவர்கள் தவறாமல் அறிய வேண்டிய கதை ‘துன்பக்கேணி’. இது 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் மருதி என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண், கணவன் வெள்ளையன் சிறைக்குச் சென்றதால் ஆதரவிழக்கிறாள். பிழைப்புத் தேடி இலங்கையின் தேயிலைத் தோட்டத்திற்குப் போகிறாள். அங்கு அதிகாரம் உள்ளவர்கள் அவளுடைய ஏழ்மையைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். உழைப்போடு உடல்நலத்தையும் அவள் இழக்கிறாள். அவளுடைய மகள் வெள்ளைச்சி தோட்டத்திலேயே வளர்கிறாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வரும் இளம் ஆசிரியர் இராமச்சந்திரன் வழியாகக் கல்வியின் சிறு வெளிச்சமும் கதைக்குள் வருகிறது. கேணியில் விழுந்தவர் தாமாக ஏறிவர இயலாது. அதைப் போலவே கடனும் அதிகாரமும் நோயும் மருதியைச் சூழ்ந்திருக்கின்றன. ஆயினும், தன் மகளைக் காக்க வேண்டும் என்னும் உறுதியை அவள் விடுவதில்லை.

இந்தக் கதை நமக்குத் தொலைவில் நடந்ததன்று. கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டது. மருதியின் கதை வெளிவந்தபோது, இங்கும் தமிழர்கள் காட்டைத் திருத்திக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். இலங்கைக்கு ஆள்சேர்த்ததைப் போலவே மலாயாவுக்கும் கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆள்சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அம்முறை நின்றது. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் உள்ள திரிங்காப்பிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் மாணவர் இக்கதையைப் படித்தால், பாட்டி, தாத்தா சொல்லக் கேட்ட லயத்து வாழ்க்கை அதில் தெரியும். எனினும், இலங்கையில் நடந்தவை அனைத்தும் இங்கும் அப்படியே நடந்தன என்று கொள்ளக்கூடாது. கதைப் பின்னணியை ஒப்பிடும்போது ஒற்றுமையோடு வேற்றுமையையும் காண வேண்டும்.

புதுமைப்பித்தனின் எழுத்தை எல்லாரும் ஒரே மாதிரி ஏற்கவில்லை. அவர் கதைகளில் நம்பிக்கை இல்லை, கசப்பே மிகுதி என்று அவர் வாழ்ந்த காலத்திலேயே குறை கூறப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களை அவர் வெளியிலிருந்தே பார்த்தார் என்று பிற்காலத் திறனாய்வாளர் சிலர் கூறினர். அவரைப் பற்றிய விவாதம் மலாயா, சிங்கப்பூர் நாளேடுகளிலும் 1950களின் தொடக்கத்தில் நடந்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ வழியாகக் கதை வகுப்பு நடத்தி, இந்நாட்டு எழுத்தாளர்களுக்குச் சிறுகதைக் கலையைப் பயிற்றுவித்ததும் அக்காலத்தில்தான்.

நாளிதழ்ப் பணியை விட்ட பின்னர்ப் புதுமைப்பித்தன் திரைத்துறையில் ஈடுபட்டார். சொந்தமாகப் படம் எடுக்கும் முயற்சி கைகூடவில்லை. ‘ராஜமுக்தி’ படத்திற்கு வசனம் எழுதப் புனே சென்றவரைக் காசநோய் பற்றியது. வறுமையும் நோயும் சேர்ந்து வாட்ட, 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. மனைவியையும் சிறு மகளையும் விட்டுச் சென்றார். வறிய எழுத்தாளர் முருகதாசரின் ஒருநாள் பாட்டை ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் சொன்னவரின் வாழ்வும் அப்படியே கழிந்தது.

2002இல் தமிழ்நாட்டு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. இன்று எவரும் அவற்றைப் பதிப்பிக்கலாம், படிக்கலாம். கதையைப் படித்து முடித்ததும் மருதி பாவம் என்று இரக்கப்படுவது எளிது. அவள் எங்கே பணிந்தாள், எங்கே மறுத்தாள், அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கும்போதுதான் அவளை ஒரு மனுஷியாக நாம் மதிக்கிறோம். பாத்திரப் படைப்பை ஆராய்வதன் பயன் அதுவே.

சிந்தித்து விடை எழுதுக

1. ‘மனித யந்திரம்’ கதையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திரும்பி வந்ததற்கு நீ கருதும் காரணம் யாது? கதை நிகழ்ச்சியைக் கொண்டு நிறுவுக.

2. ‘துன்பக்கேணி’ என்னும் தலைப்பு கதையின் கருப்பொருளோடு எவ்வாறு பொருந்துகிறது?

3. உன் குடும்பத்தில் அல்லது வட்டாரத்தில் தோட்டத்தில் உழைத்த மூத்தவர் ஒருவரைக் கண்டு பேசுக. அவர் வாழ்வில் எடுத்த ஒரு முக்கிய முடிவை மையமாகக் கொண்டு சிறுகதை ஒன்றை எழுதுக.