உபகாரச் சம்பளம் தேடி அலைந்த கணித மேதை

1913-ம் வருடம். டிசம்பர் மாதக் கடைசி. நாமக்கல் மலையடிவாரத்தில், நரசிம்மர் கோயிலில், ஓர் இளைஞர் மூன்று இரவுகள் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 26. சென்னையிலிருந்து ரயில் ஏறி, சேலத்தில் இறங்கி, அங்கிருந்து நாமக்கல் வந்தவர் அவர். கூட வந்தவர் நாராயண ஐயர் என்ற பெரியவர்.

இளைஞரின் மனத்தில் ஒரே கேள்விதான். கடல் கடந்து சீமைக்குப் போகலாமா, கூடாதா?

நாமக்கல்லில் கோயில் கொண்டிருக்கும் நாமகிரித் தாயார்தான் அவர் குடும்பத்தின் தெய்வம். தாயாரின் உத்தரவு இல்லாமல் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்காது. அதனால்தான் இந்தப் பயணம்.

அந்த இளைஞர்தான் ராமானுஜம். உலகம் போற்றும் கணித மேதை. ஆனால் அவர் படிப்புக்குப் பணம் தேடி அலைந்த கதை பலருக்குத் தெரியாது. ஒரு பட்டம்கூட இல்லாத ஏழைக்கு உபகாரச் சம்பளம் கிடைத்த கதை அது.

ஈரோட்டில் பிறந்தார்

ராமானுஜம் 1887-ம் வருடம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். அது தாய்வழிப் பாட்டனார் வீடு. பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். கோமளத்தம்மாளுக்கு வெகு நாள் குழந்தை இல்லை. நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்ட பிறகே ராமானுஜம் பிறந்தார் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

தகப்பனார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் 20 ரூபாய். அது போதவில்லை. கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சிறிது சம்பாதித்தார். வீட்டில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை வைத்துச் சாப்பாடு போட்டார். அந்த மாணவர்களிடம் இருந்த கணக்கு எல்லாவற்றையும் சிறுவன் ராமானுஜம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டுவிட்டான்.

1897-ல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சை நடந்தது. தஞ்சை ஜில்லாவிலேயே ராமானுஜம் முதலாவதாகத் தேறினான். அதற்குப் பரிசாக, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளம் கட்டினால் போதும் என்ற சலுகை கிடைத்தது. அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் படிப்பு உதவி.

கிடைத்ததும் பறிபோனது

ஹைஸ்கூலில் படிக்கும்போது ஒரு தடித்த கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் அதில் இருந்தன. விளக்கமோ அதிகம் இல்லை. ராமானுஜம் ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார். அதில் இல்லாத புதிய சூத்திரங்களையும் கண்டுபிடித்தார். அன்று முதல் கணக்கே அவருக்குச் சோறும் தூக்கமும் ஆயிற்று.

1904-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணிதத்துக்கான பரிசு அவருக்கே கிடைத்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார். சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் என்ற உதவியும் கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வகுப்பில் ஆங்கிலம் நடக்கும். ராமானுஜம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். சரித்திரம் நடக்கும், அப்போதும் கணக்குதான். பரீட்சை வந்தது. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றுப்போனார். உபகாரச் சம்பளம் நின்றுவிட்டது.

கல்லூரிச் சம்பளம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். தகப்பனாரின் ஒன்றரை மாத வருமானம்! எங்கே போவது? கோமளத்தம்மாள் நேரே கல்லூரித் தலைவரிடம் போய் வாதாடிப் பார்த்தார். விதி விதிதான் என்ற பதிலே கிடைத்தது.

1905 ஆகஸ்டில் ராமானுஜம் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார். வயது 17. பெற்றோர் தேடித் தவித்தார்கள். பிறகுதான் வீடு திரும்பினார்.

பச்சையப்பரின் தர்மம்

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்த பெரும் வள்ளல். அவர் விட்டுப்போன தர்மச் சொத்தில் 1842-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பின்னால் அது கல்லூரியாக வளர்ந்தது.

அங்கேயும் கணிதத்தில் ராமானுஜத்தை வெல்ல ஆளில்லை. உடற்கூறு பாடம் மட்டும் வேப்பங்காய். நடுவில் சீதபேதி வந்து வாட்டியது. 1906 டிசம்பரில் எப்.ஏ. பரீட்சை எழுதினார், தோல்வி. அடுத்த வருடம் மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோல்வி. கல்லூரிக் கதவு அடைபட்டுவிட்டது.

பட்டம் இல்லை. வேலை இல்லை. 1909-ல் ஜானகி என்ற சிறு பெண்ணோடு கல்யாணமும் ஆயிற்று. ராமானுஜம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டார். எழுதியதை முழங்கையால் அழித்து, மேலே எழுதுவார். விடையை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார்.

அந்த நோட்டுகள்தாம் அவருடைய சொத்து. பட்டம் செய்யாததை அவை செய்தன.

நோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்

1910-ல் அந்த நோட்டோடு திருக்கோயிலூர் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜம் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலைதான்.

ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். திகைத்துப் போனார். இப்படிப்பட்ட மூளையைத் தாலுகாக் கச்சேரியின் கடைசிப் படியில் உட்கார வைப்பது பாவம் என்று அவருக்குத் தோன்றியது. வேலை கொடுக்கவில்லை, கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் சென்னையில் சேஷு ஐயர் என்ற கணிதப் பேராசிரியரிடம் போயிற்று. சேஷு ஐயர் இன்னொரு கடிதம் கொடுத்தார். அது நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போயிற்று.

ராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. சவரம் செய்யாத முகம், கசங்கிய வேட்டி, கக்கத்தில் கிழிந்த நோட்டு. ஆனால் கண்கள் மட்டும் பளபளத்தன. மீண்டும் மீண்டும் பேசிப் பார்த்த பிறகே கலெக்டருக்கு உண்மை விளங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டார். பசியில்லாமல் சாப்பாடு, கணக்குப் போட நேரம், இவ்வளவு போதும் என்றார் ராமானுஜம்.

கலெக்டர் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பினார். ராமானுஜம் சென்னையில் இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்தார். 1911-ல் கணிதச் சங்கப் பத்திரிகையில் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது.

இதற்கிடையில் உபகாரச் சம்பளம் ஒன்று வாங்கித் தர நண்பர்கள் முயன்றார்கள். பலிக்கவில்லை. ஒருவருடைய கைப்பணத்தில் நெடுநாள் வாழ ராமானுஜத்துக்கு மனம் வரவில்லை. தாமாகவே அதை வேண்டாம் என்று சொல்லி, வேலை தேடினார்.

துறைமுகக் குமாஸ்தா

1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவானார். சம்பளம் 30 ரூபாய். அங்கே அவருக்கு மேலதிகாரி நாராயண ஐயர், கணிதம் கற்றவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர். இருவரும் ராமானுஜத்தின் அருமையை உணர்ந்தார்கள். இரவில் நாராயண ஐயரும் ராமானுஜமும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

1913 ஜனவரி 16-ந் தேதி ராமானுஜம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். சூத்திரங்களைப் பல பக்கங்களில் எழுதி இணைத்தார். வேறு சில பேராசிரியர்கள் கைவிட்டிருந்தார்கள். ஹார்டி கைவிடவில்லை. இவர் முதல்தரமான கணித மேதை என்று கண்டுகொண்டு, உடனே பதில் எழுதினார்.

விதி வளைந்தது

பிப்ரவரி மாதம் சர்க்கார் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜத்தின் வேலையைக் காட்டினார். வாக்கர் மறுநாளே சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். இந்தக் குமாஸ்தா சில வருடங்களாவது சோற்றுக் கவலையில்லாமல் கணிதத்திலேயே காலம் செலுத்த வழி செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஆனால் சர்வகலாசாலையில் ஒரு விதி இருந்தது. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கே உண்டு. ராமானுஜமோ எப்.ஏ.கூடத் தேறாதவர்!

கூட்டம் கூடியது. விவாதம் நடந்தது. சர்வகலாசாலை எதற்காக இருக்கிறது? ஆராய்ச்சியை வளர்ப்பதும் அதன் வேலை என்று சட்டமே சொல்கிறதே என்ற வாதம் எழுந்தது. அந்த வாதம் வென்றது. 1913 மே 1-ந் தேதி முதல் இரண்டு வருடங்களுக்கு மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

முன்பு ஆங்கிலத்தில் தோற்றதற்காக ஒரு விதி அவரைத் தெருவில் நிறுத்தியது. எட்டு வருடம் கழித்து இன்னொரு விதி அவருக்காக வழிவிட்டது. நடுவில் நின்றவர்கள், நோட்டைத் திறந்து பார்த்த நாலைந்து நல்ல மனிதர்கள்.

தாயாரின் உத்தரவு

ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் தாண்டுவது குலத்துக்கு ஆகாது என்று அந்நாளில் நினைத்தார்கள். தாய் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. அந்த நிலையில்தான் நாமக்கல் பயணம்.

மூன்று இரவுகள் கோயிலில் தங்கிய பிறகு ராமானுஜத்துக்கு உத்தரவு கிடைத்தது என்று சொல்வார்கள். கோமளத்தம்மாளும் ஒரு கனவு கண்டாராம். வெள்ளைக்காரர் நிறைந்த பெரிய சபையில் மகன் வீற்றிருக்கிறான். குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் சொல்கிறாள். அதன் பிறகு தாய் தடுக்கவில்லை.

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற கணித அறிஞர் சென்னை வந்தார். ராமானுஜத்தின் நோட்டுகளைப் பார்த்தார். அவருக்காகச் சர்வகலாசாலைக்குப் பலமாகச் சிபாரிசு செய்தார். வருடம் 250 பவுன் உபகாரச் சம்பளம், கப்பல் செலவு, உடைச் செலவு எல்லாம் கிடைத்தன. அன்றைய மதிப்பில் 250 பவுன் என்பது 3,750 ரூபாய். அவர் தகப்பனார் பதினைந்து வருடத்துக்கு மேல் உழைத்தால்தான் அந்தத் தொகை சேரும்! அதில் ஏறக்குறைய 50 பவுனைக் கும்பகோணத்துக் குடும்பத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, 1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜம் கப்பல் ஏறினார்.

புகழும் நோயும்

கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஒரு காலத்தில் இரண்டு முறை எப்.ஏ.யில் தோற்றவர், 1916-ல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் பெற்றார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அங்கத்தினர் ஆனார். அதே வருடம் டிரினிட்டி கல்லூரி அவரை உறுப்பினராக்கி, வருடம் 250 பவுன் வழங்கியது. சென்னைச் சர்வகலாசாலையும் இன்னொரு 250 பவுன் தர முன்வந்தது.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. யுத்தகாலம். மரக்கறி உணவு கிடைப்பது கஷ்டம். கடுங்குளிர். 1917-லிருந்து அவர் ஆஸ்பத்திரியும் படுக்கையுமாகவே இருந்தார். க்ஷயரோகம் என்றார்கள் அன்றைய டாக்டர்கள். சீதபேதிக் கிருமி கல்லீரலில் தங்கி வந்த நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

மறக்காத மனம்

1919 ஜனவரி 11-ந் தேதி, நோய்ப் படுக்கையிலிருந்து ராமானுஜம் சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிகப் பணம் கேட்டு அல்ல. தமக்குக் கிடைக்கப் போகும் தொகை தம் தேவைக்கு மிஞ்சியது என்று தெரிவிக்க எழுதினார். பெற்றோருக்கு வருடம் 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக, மீதியைப் படிப்புக்காகச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்க வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் வாங்கித் தர வேண்டும். அதுதான் அவர் விருப்பம்.

32 ரூபாய் கட்ட முடியாமல் ஊரைவிட்டு ஓடிய பையனை அவர் மறக்கவில்லை.

1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். அந்தக் கோடையில் ஈரோட்டை அடுத்த கொடுமுடியில், காவிரிக் கரையில் தங்கி உடம்பைத் தேற்றப் பார்த்தார்கள். தேறவில்லை. படுக்கையிலும் கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அந்த 500 பவுனை அனுபவிக்கவோ, ஆசைப்பட்டபடி ஏழைகளுக்குக் கொடுக்கவோ அவருக்கு நாள் இருக்கவில்லை.

அவர் கடைசி வருடத்தில் எழுதிய காகிதங்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடைத்தன. அவற்றை விளங்கிக்கொள்ள உலகக் கணித அறிஞர்கள் பல்லாண்டுகள் பாடுபட்டார்கள்.

நாமக்கல் கோயிலுக்குப் போகிறவர்கள் நாமகிரித் தாயார் சந்நிதியில் ஒரு நிமிஷம் நிற்கும்போது, அங்கே மூன்று இரவுகள் காத்திருந்த ஏழைக் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளலாம். வீடு திரும்பியதும், பக்கத்துத் தெருவில் சம்பளம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தப் போகும் பிள்ளை யாராவது உண்டா என்று விசாரிக்கலாம். அந்தப் பிள்ளையின் நோட்டையும் ஒரு முறை திறந்து பார்க்கலாம்.