கலெக்டர் திரமென்ஹீர்

பஞ்சமி நிலம் என்ற பேச்சு எழும் இடந்தோறும் ஒரு வெள்ளைக்காரரின் பெயரும் கூடவே எழுகின்றது. ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி திரமென்ஹீர் 1853-இல் பிறந்தவர். சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தராய்ச் சென்னை ராஜதானிக்கு வந்து, செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராய் அமர்ந்தவர். அந்நிய ஆட்சியின் அதிகாரிகளைப் புகழ்வது தேசபக்தர்க்கு வழக்கமன்று. ஆயினும் கடனைக் கடனென்று எடுத்துக் காட்டியவரை மறத்தல் தகாது.

1833-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, இரண்டு கோடி பவுனை நஷ்டஈடாக ஒதுக்கியது. எவருக்கு? அடிமைகளை உடைமையாக வைத்திருந்த எஜமானர்களுக்கு! பாடுபட்டவனுக்குச் சல்லிக்காசும் இல்லை. கம்பெனியார் ஆண்ட இந்தியாவோ அச்சட்டத்துக்குப் புறம்பாகவே விடப்பட்டது. 1843-ஆம் வருஷத்து 5-ஆவது சட்டம் வந்த பிறகே இங்குள்ள கோர்ட்டுகள் அடிமை உரிமையை ஏற்க மறுத்தன. கட்டு அவிழ்ந்தது, காணி கிடைக்கவில்லை. அடிமையாயிருந்தவன் பண்ணையாள் என்ற பெயரில் அதே வயலில், அதே கடனில் உழன்றான்.

அவ்வடிமைகளின் சந்ததியாரான ஆதிதிராவிட மக்களின் நிலையை ஆராய்ந்து, 1891 அக்டோபர் 5-ஆம் தேதியிட்ட அறிக்கையை அவர் சர்க்காருக்குச் சமர்ப்பித்தார். கிராமத்துத் தரிசை ஏழை ஒருவன் தர்க்காஸ்து செய்தால், மிராசுதாரருக்கே முதல் உரிமை. குடிசை நிற்கும் மனையும் தமதே என்று மிராசுதாரர் சாதித்தனர்; முரண்டியவனை மனையை விட்டே துரத்திவிடலாம்! இந்த மர்மத்தை அம்பலப்படுத்தியதே திரமென்ஹீரின் பெருஞ்செயல்.

அவர் கேட்டவை அனைத்தையும் சர்க்கார் கொடுத்துவிடவில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30-இல் 1010-ஆம் எண்ணுள்ள உத்தரவு பிறந்தது. அதன் வழியாக இம்மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வர். பத்து வருஷங்களுக்கு விற்கலாகாது. அதன் பின்னும் அவ்வகுப்பாரன்றிப் பிறர்க்குக் கிரயம் செய்யலாகாது என்ற நிபந்தனையும் ஏற்பட்டது.

1912-இல் அவர் காலமானார். நிலமோ கடன் பத்திரங்களாலும் கள்ளக் கிரயங்களாலும் கைமாறிப் போயிற்று. செங்கற்பட்டை அடுத்த காரணையில் அதை மீட்க எழுந்த கிளர்ச்சியில், 1994-இல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு இளைஞர்கள் பலியாயினர். சுதந்திரம் பெற்று நாற்பத்தேழு வருஷங்கள் ஆன பிறகு!

பழனிமலைமேல் பூண்டியில் இருக்கும் தொண்டராயினும் சரி, சமவெளியில் இருப்பவராயினும் சரி, தத்தம் தாலுகாக் கச்சேரிக்குச் சென்று பழைய நிலப் பதிவேடுகளைப் பார்வையிடுவாராக. எந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே அந்த நிபந்தனை குறிக்கப்பட்டிருக்கிறது, இன்று அந்நிலம் எவர் அனுபவத்தில் உள்ளது என்பதைக் கேட்டு எழுதி வாங்கட்டும்.