பதவியை விட்டார், பொறுப்பை விடவில்லை

கல்கத்தா சம்ஸ்கிருதக் கல்லூரியில் 1846-ஆம் ஆண்டு உதவிச் செயலாளராகப் பொறுப்பேற்றபோது ஈஸ்வர சந்திர வித்யாசாகருக்கு வயது 25. வறிய குடும்பத்தில் பிறந்த அவர் அதே கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றவர். அங்கு நிலவிய குறைகளை மாணவப் பருவத்திலேயே நன்கு அறிந்திருந்தார். எனவே கல்வி முறையைச் சீரமைக்கத் திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். செயலாளர் அதை ஏற்கவில்லை. தம்மால் பயன் விளையாத இடத்தில் சம்பளம் மட்டும் பெற்றுக்கொண்டிருக்க மனமின்றி, 1847-இல் வித்யாசாகர் பதவி விலகினார்.

1850-ஆம் ஆண்டின் இறுதியில் இலக்கியப் பேராசிரியராக மீண்டும் அங்கு வந்தார். கல்லூரியின் நிலை பற்றி விரிவானதோர் அறிக்கையை அரசின் கல்விக் குழுவிடம் அளித்தார். அடுத்த மாதமே, 1851 ஜனவரியில், 150 ரூபாய் மாதச் சம்பளத்தில் கல்லூரி முதல்வராக உயர்த்தப்பட்டார். குறைகளைச் சுட்டிக்காட்டியவரிடமே அவற்றைக் களையும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. மேலிருப்பவர் தடுக்கிறார் என்று கூற இனி இடமில்லை.

அதுவரை பிராமண, வைத்தியக் குலத்தவருக்கு மட்டுமே அக்கல்லூரியில் இடம் இருந்தது. பண்டிதர்களின் எதிர்ப்பையும் மீறி, அவ்வாண்டே காயஸ்தர்களுக்கும் அதன் கதவைத் திறந்தார். பின்னர் இவ்வாய்ப்பு மேலும் விரிவாக்கப்பட்டது. பொருள் புரியாமல் ஆண்டுக்கணக்கில் இலக்கண சூத்திரங்களை மனனம் செய்து மாணவர்கள் தளர்வதைக் கண்டு, எளிய வங்காளியில் சம்ஸ்கிருத இலக்கண நூல்களைத் தாமே எழுதினார்.

தாமதமாக வரும் ஆசிரியர்களைத் திருத்துவது இதைவிடக் கடினமாக இருந்தது. அவர்களுள் சிலர் அவருக்கே பாடம் கற்பித்த குருமார்கள். கண்டித்தால் குருபக்திக்கு இழுக்கு. கண்டும் காணாமல் இருந்தால் கடமைக்கு இழுக்கு. வித்யாசாகர் உரிய நேரத்தில் கல்லூரி வாயிலில் வந்து நின்றுகொள்வார் என்றும், வருபவர்களிடம் இப்போதுதான் வருகிறீர்களா என்று பணிவுடன் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. சில நாட்களில் அனைவரும் நேரத்திற்கு வரத் தொடங்கினராம்.

1855-இல் ஹூக்ளி, பர்துவான், நதியா, மிதுனாப்பூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் பள்ளி ஆய்வாளர் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சில மாதங்களில் அங்கு 20 மாதிரிப் பள்ளிகளை அமைத்தார். அடுத்து, மேலதிகாரிகள் வாய்மொழியாகக் காட்டிய ஆதரவை நம்பி, 1857 நவம்பருக்கும் 1858 மே மாதத்திற்கும் இடையில் பெண்களுக்காக 35 பள்ளிகளைத் தொடங்கினார். சுமார் 1,300 சிறுமிகள் அவற்றில் சேர்ந்தனர்.

முறையான எழுத்துமூல அனுமதி இல்லை என்று கூறி அரசு நிதி தர மறுத்தது. ஆசிரியர்கள் பல மாதங்களாகச் சம்பளமின்றித் தவித்தனர். அவர்களைப் பணியில் அமர்த்தியவர் வித்யாசாகர். ஆகவே அவர்கள் எதிர்பார்த்ததும் அவரையே. அரசின் முடிவு என்று கூறி அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. தாம் உரிய ஆணையின்றிச் செயல்பட்டதன் விளைவை அவர்கள் சுமக்கலாகாது எனக் கருதி, விடாமல் அரசுக்கு எழுதினார். அவ்வாண்டு இறுதியில் நிலுவைத் தொகையை அரசு வழங்கியது. ஆனால் பள்ளிகளைத் தொடர்ந்து ஆதரிக்க உடன்படவில்லை.

அதற்குள், 1858-ஆம் ஆண்டிலேயே, 500 ரூபாய் மாதச் சம்பளம் தந்த அரசுப் பணியை வித்யாசாகர் துறந்திருந்தார். உடல்நலக் குறைவோடு, அன்றைய கல்வி நிர்வாகத்தின் போக்கில் நம்பிக்கை இழந்ததும் இதற்குக் காரணம். பதவி போயிற்று, சிறுமிகளின் பள்ளிகள் இருந்தன. அவற்றிற்காக நிதியம் ஒன்றை நிறுவி, அன்பர்களிடம் நன்கொடை பெற்றும் தம் பணத்தை அளித்தும் இயன்றவற்றைக் காத்தார். 1891 ஜூலை 29-இல் மறையும்வரை கல்விப் பணி அவரை விட்டு நீங்கவில்லை.

உயர்பதவி ஒருவருக்கு அதிகாரத்தைத் தருகிறது. தம்மை நம்பி வந்தவர்களின் பாரத்தையும் உடன் தருகிறது. அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னும் அந்தப் பாரத்தை இறக்கி வைக்காதவர் வித்யாசாகர்.