டிஏசி வாங்கப் போறீங்களா? முள்கம்பியில் பேசிய இந்த மனிதரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

ஆவடியில் ஏறியாச்சு. ஜன்னல் ஓரம் இடமும் கிடைச்சாச்சு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு நீங்க பாட்டுக் கேட்க ஆரம்பிச்சா, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர்னு ஸ்டேஷன்கள் தானா நகர்ந்துடும். பாட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா, கூட வர்ற நண்பர் ஒருத்தர் போன வாரம் உங்க காதில் ஒரு விதையைப் போட்டுட்டார். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் மட்டும் வாங்கினா பத்தாது, அதுக்கு ஜோடியா ஒரு நல்ல டிஏசி வேணுமாம். அன்னிலேருந்து உங்களுக்குத் தூக்கம் போச்சு. சில ஆயிரத்தில் ஆரம்பிச்சு லட்சத்தைத் தாண்டியும் டிஏசி கிடைக்குது. எஸ்டேட்டில் வாங்குற ஒரு மாசச் சம்பளத்தை அதில் போடலாமா, வேண்டாமா?

முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மனிதரைப் பார்த்துட்டு வந்துடலாம். பெயர் கிளாட் ஷானன். 2001-லேயே இறந்துட்டார். ஆனா, டிஏசி பெட்டிகளின் அட்டையில் போட்டிருக்கிற பெரிய பெரிய எண்களைப் பார்த்து மிரளாம இருக்கணும்னா, இவரைத் தெரிஞ்சுக்கணும்.

முதல்ல டிஏசி-ன்னா என்ன? உங்க போனில் இருக்கிறது பாட்டு இல்லை, எண்கள். ஒரு நொடிக்கு 44,100 எண்கள் வீதம் எழுதி வைத்த பட்டியல். ஹெட்போனுக்கோ எண் தெரியாது, ஏறி இறங்கும் மின்சாரம்தான் தெரியும். எண்ணை மின்சாரமா மாத்திக் கொடுக்கும் சின்ன சிப்தான் டிஏசி. அந்த மின்சாரத்துக்குத் தெம்பு கொடுத்து ஹெட்போனை அசைக்க வைக்கிறது ஆம்ப்ளிஃபையர். அவ்வளவுதான் விஷயம்.

முள்வேலி டெலிகிராஃப்

ஷானன் பிறந்தது 1916 ஏப்ரல் 30. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேலார்டுங்கிற சின்ன ஊர்ல வளர்ந்தார். அப்பா வியாபாரி, நீதிபதியாகவும் இருந்தவர். அம்மா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. பையனுக்கு வீட்டில் கையும் காலும் சும்மா இருக்காது.

நீங்க ஆவடிப் பக்கம் வளர்ந்தவர்னா முள்கம்பி வேலி உங்களுக்குப் புதுசில்லை. டேங்க் ஃபேக்டரி, ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன், சிஆர்பிஎஃப் வளாகம்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலிதான். நாமெல்லாம் அதைப் பார்த்தா, உள்ளே போகக் கூடாதுன்னு புரிஞ்சுக்குவோம். சின்னப் பையன் ஷானனுக்கு அது ஒரு ஒயரா தெரிஞ்சது. அரை மைல் தள்ளி இருந்த நண்பன் வீட்டுக்கு, வழியில் இருந்த முள்வேலிக் கம்பியையே லைனாக்கி டெலிகிராஃப் இழுத்துட்டார்! ஆடு மாடு தாண்டாம இருக்கப் போட்ட வேலி, ரெண்டு பசங்களோட பேச்சைச் சுமந்தது.

துருப்பிடிச்ச கம்பிதானே, தெளிவா கேட்டிருக்குமான்னு தோணுதா? டெலிகிராஃபுக்குத் தெளிவு தேவையில்லை. தட்டினாங்களா, தட்டலையா என்பது தெரிஞ்சா போதும். வழியில் கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தாலும் செய்தி கெடாது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங், கணிதம்னு 1936-ல் ரெண்டு டிகிரி வாங்கினார். அப்புறம் எம்ஐடி. அங்கே ஒரு அறை முழுக்க அடைச்சுக்கிட்டிருந்த கணக்குப் போடும் இயந்திரத்தைப் பார்த்துக்கிற வேலை. அதோட ரிலே ஸ்விட்சுகளைப் பார்த்துக்கிட்டே இருந்தவருக்கு ஒரு யோசனை. ஸ்விட்ச் ஒண்ணு ஆன் ஆகும், இல்லாட்டி ஆஃப் ஆகும். தர்க்கத்தில் ஒரு விஷயம் சரியா இருக்கும், இல்லாட்டி தப்பா இருக்கும். ரெண்டும் ஒண்ணுதானே? அப்படின்னா ஸ்விட்சுகளை வெச்சே எந்தக் கணக்கையும், எந்த முடிவையும் செய்ய வைக்கலாமே! 1937-ல், 21 வயசில், எம்.எஸ். பட்டத்துக்காக அவர் இதை எழுதினார். உங்க கையில் இருக்கும் போன் வரைக்கும் எல்லா டிஜிட்டல் சாதனமும் இந்த அடித்தளத்தில்தான் நிக்குது.

இரைச்சலை இசைத்தட்டில் அடைச்ச கதை

1941-ல் ஷானன் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். உலகப்போர் நேரம். வாஷிங்டனும் லண்டனும் எதிரிக்குக் கேட்காமல் போனில் பேசிக்க ஒரு ரகசிய இயந்திரம் செஞ்சாங்க. பெயர் சிக்சாலி. எடை சுமார் 50 டன். பேச்சை எண்களா வெட்டி, அதில் அர்த்தமில்லாத இரைச்சலைக் கலந்து அனுப்பும். அந்தப் பக்கம் அதே இரைச்சலைக் கழிச்சா பேச்சு மட்டும் மிஞ்சும். அதுக்காக இரைச்சலையே இசைத்தட்டில் பதிச்சு, ரெண்டு ஊர்லயும் ஒரே நேரத்தில் ஓட விட்டாங்க. ஒரு தட்டை ஒரு முறைதான் பயன்படுத்தணும், அப்புறம் அழிச்சுடணும். இந்த ஏற்பாடு உடையுமா, உடையாதான்னு கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஷானனும் ஒருத்தர். 1943-ல் அங்கே வந்த இங்கிலாந்தின் ஆலன் டூரிங்கோட டீ நேரத்தில் உட்கார்ந்து பேசினதும் இந்தச் சமயத்தில்தான். ரெண்டு பேருமே அவங்கவங்க ரகசிய வேலையைப் பத்தி வாயைத் திறக்க முடியாது. அதனால இயந்திரம் யோசிக்குமான்னு பேசிக்கிட்டிருந்தாங்க!

பேச்சை எண்ணாக்கி, மறுபடி பேச்சாக்கின அனுபவம் வீணாகலை. 1948-ல் ஷானன் தகவல் கோட்பாட்டுக் கட்டுரையை வெளியிட்டார். ஜூலையில் ஒரு பாதி, அக்டோபரில் மறுபாதி. கதையோ, பாட்டோ, படமோ, எதுவா இருந்தாலும் பிட் கணக்கில் அளக்கலாம்னு காட்டினார். பிட் என்ற சொல்லைக் கண்டுபிடிச்சது நண்பர் ஜான் டூக்கி, உலகத்துக்குப் பரப்பினது ஷானன்.

அடுத்த வருஷம் எழுதிய இன்னொரு கட்டுரைதான் உங்க பர்ஸைக் காப்பாத்தப் போறது. ஒரு அலையில் இருக்கும் மிக வேகமான அசைவைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அளந்து வெச்சா போதும், அந்த அளவுகளிலிருந்து முழு அலையையும் ஒரு துளி குறையாமல் திரும்ப வரையலாம் என்பது அதன் சாரம். இது அவர் ஒருத்தரோட சொத்து இல்லை. நைக்விஸ்ட், ரஷ்யாவின் கோட்டெல்னிகோவ் எல்லாம் அதுக்கு முன்னாடியே இந்தப் பாதையில் நடந்தவங்க. ஷானன் அதைத் தெளிவா நிறுவி, இன்ஜினீயர்கள் கையில் கொடுத்தார்.

நம்ம காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதுவும் சின்ன வயசில். அதுக்கு நொடிக்கு 40,000-க்குக் கொஞ்சம் மேல அளந்தா போதும். 1982-ல் வந்த சிடி-க்கு 44,100 என்ற எண் அப்படித்தான் வந்தது. டிஏசி விளம்பரங்களில் படிக்கட்டு மாதிரி ஒரு படம் போட்டு, எண்கள் அதிகமானா படிக்கட்டு வழவழப்பாகும்னு காட்டுவாங்க. நம்பிடாதீங்க. டிஏசி-க்குள் இருக்கும் ஃபில்டர் வழியா வெளியே வர்றது படிக்கட்டு இல்லை, முழு அலை. அந்தப் புள்ளிகள் எல்லாத்தையும் தொட்டுக்கிட்டு, காது கேட்கிற எல்லைக்குள்ள போகக்கூடிய அலை ஒண்ணே ஒண்ணுதான். அதனால 192, 384, 768-ன்னு பெட்டியில் இருக்கும் எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிட் எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு பிட் கூடினா இரைச்சலுக்கும் பாட்டுக்கும் நடுவில் சுமார் 6 டெசிபல் இடைவெளி கூடும். 16 பிட்டுக்கே 96 டெசிபல் வந்துடும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அதில் பாதிகூட தாராளம். பாட்டைப் பதிவு செய்யும் ஸ்டுடியோவுக்கு 24 பிட் வேணும். கேட்கிற நமக்கு அது போனஸ்.

ஷானன் டிஏசி பத்திப் பேசினதோட நிக்கலை, ஒண்ணை வடிவமைச்சும் காட்டினார். ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான் அதோட மையம். சின்ன மதிப்புள்ள பிட் முதலில் வரும், பெரியது கடைசியில் வரும். ஒவ்வொரு பிட்டும் ஒரே அளவு மின்சாரத்தை ஊத்தும், அடுத்த பிட் வர்றதுக்குள்ள உள்ளே இருக்கிறது சரியா பாதியா வடிஞ்சுடும். முதலில் வந்தது பல முறை பாதியாகி இருக்கும், கடைசியில் வந்தது அப்படியே இருக்கும். மிச்சம் இருப்பதை அளந்தா, அதுதான் அந்த எண்ணோட மதிப்பு! ராக் என்பவர் அதை மேம்படுத்த, பெல் ஆய்வுக்கூடத்தின் டிஜிட்டல் டெலிபோன் சோதனைகளில் அது ஓடுச்சு. காய்கறிக் கணக்குப் போடுற சுலபத்தில் ஒரு டிஏசி.

இப்ப முள்வேலிக்குத் திரும்புவோம். எண்ணா இருக்கிற வரைக்கும் வழியில் சேரும் இரைச்சல் பாட்டைத் தொடாது. எண் மின்சாரமா மாறின அடுத்த நொடியிலிருந்து, சேருவதெல்லாம் உங்க காதுக்கு வரும். ஆம்ப்ளிஃபையர் அதையும் சேர்த்துப் பெருக்கும். அதனால ஜோடி சேர்க்கும்போது நீங்க பார்க்க வேண்டியது டிஏசி-யின் பின்பக்கத்தைத்தான். லைன்-அவுட் இருக்கா, சுமார் 2 வோல்ட் தருதா? பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்கள் அதை எதிர்பார்த்துத்தான் செய்யப்படுது. உங்க ஆம்ப்ளிஃபையரில் கெயின் ஸ்விட்ச் இருந்தா, இயர்போனுக்கு லோ-வில் வைங்க. இல்லாட்டி வால்யூமைத் துளி திருப்பினதுமே காது கிழியும், ஆரம்பத்தில் இடது ஒரு அளவிலும் வலது ஒரு அளவிலும் கேட்கும். டிஏசி-யிலேயே வால்யூம் இருந்தா அதை முழுசா வெச்சுட்டு, ஆம்ப்ளிஃபையரில் குறைச்சுக்கோங்க.

என் கதையைக் கேளுங்க. அம்பத்தூர் வீட்டில் புது டிஏசி-யை லேப்டாப்பில் மாட்டினா, ஹெட்போனில் ஒரே உறுமல். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு பேக் பண்ணவே ஆரம்பிச்சுட்டேன். ஏதோ ஒரு வேலைக்கு லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், உறுமல் நின்னு போச்சு! குற்றவாளி சார்ஜர். டிஏசி நிரபராதி.

இன்னொண்ணு. நீங்க கேட்கிறது ப்ளூடூத் ஹெட்போன்னா இந்தக் கவலையே வேண்டாம். டிஏசி, ஆம்ப்ளிஃபையர் ரெண்டும் அதுக்குள்ளேயே இருக்கு, வெளியே எதை வாங்கினாலும் ஒட்டாது. ஒயர் ஹெட்போன்காரங்க ரெண்டு டிஏசி-யை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வெச்சு, எது ஓடுதுன்னு தெரியாம நண்பரை மாத்தச் சொல்லிக் கேளுங்க. கொஞ்சம் சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரி தோணும், காது அப்படி ஏமாத்தும். நான் அந்தச் சோதனையில் ஃபெயில். அதுக்கப்புறம் மிச்சக் காசை ஹெட்போனில் போட்டேன், வித்தியாசம் முதல் பாட்டிலேயே கேட்டது.

ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு ப்ரொஃபசர்

இவ்வளவு பெரிய ஆள், எப்பவும் உர்ருன்னு இருந்திருப்பார்னு நினைக்காதீங்க. சைக்கிள் கம்பெனி ஊரான அம்பத்தூர்க்காரங்களுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவார், பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். நெருப்பைக் கக்கும் ட்ரம்பெட் செஞ்சார். 1950-ல் புதிர்ப்பாதையில் தானே வழி கண்டுபிடிக்கும் எலி பொம்மை செஞ்சார், பெயர் தீசியஸ். பெல் ஆய்வுக்கூடத்தில் கணிதப் பிரிவில் வேலை பார்த்த பெட்டியை 1949-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டார். வீட்டுப் பட்டறையில் அவருக்கு நல்ல துணை பெட்டிதான்.

1961-ல் எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியரோட சேர்ந்து, உடம்பில் மறைச்சு வெச்சுக்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஒண்ணைச் செஞ்சார். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து எங்கே விழும்னு கணிக்க! கால் கட்டைவிரலால் ஸ்விட்சைத் தட்டணும், பதில் சின்ன இயர்போனில் ஸ்வரமா வந்து காதில் ஒலிக்கும். கணிப்பு வேலை செஞ்சது. ஆனா, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மெல்லிசாப் போட்ட இயர்போன் ஒயர் அடிக்கடி அறுந்து போய், திட்டத்தையே கைவிட வேண்டியதாச்சு. ஜாக் பக்கத்தில் ஒயர் பிஞ்சு, ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்டுக்கிட்டு அம்பத்தூர் வரை வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே?

எம்ஐடி-யில் 1978 வரை பேராசிரியர். 1985-ல் முதல் கியோட்டோ பரிசு வாங்கினார். ஆனா, எண்பதுகளிலேயே மறதி மெல்ல எட்டிப் பார்க்க ஆரம்பிச்சிருந்தது. அல்சைமர். வீட்டுக்கு வர்ற வழி மறந்தது, பிறகு மனிதர்களும் மறந்தாங்க. 1993-ல் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாங்க. தகவல் தொலைஞ்சா எவ்வளவு தொலைஞ்சதுன்னு அளக்கக் கத்துக்கொடுத்தவருக்கு இப்படி. வெளியே எம்பி3 வந்தது, இன்டர்நெட் வீட்டுக்கு வீடு வந்தது, செல்போன் டிஜிட்டலாச்சு. எல்லாம் அவர் கணக்குப்படி ஓடினதுதான், அவருக்கு மட்டும் அது தெரியலை.

2000 அக்டோபரில் கேலார்டில் அவருக்குச் சிலை வெச்சாங்க. முள்வேலி டெலிகிராஃப் இழுத்த அதே ஊர். உடம்பு முடியாததால் அவர் போகலை. 2001 பிப்ரவரி 24-ம் தேதி, 84 வயசில் இறந்தார். அந்த வருஷம் அக்டோபரில்தான் முதல் ஐபாட் வந்தது, சட்டைப் பையில் அடங்குற பெட்டிக்குள்ள ஆயிரம் பாட்டும், அதை வாசிச்சுக் காட்ட ஒரு டிஏசி-யும்.