கடற்கரைச் சேரியின் கனல்!

பார்சிலோனா நகரின் கடலோரத்திலே சொமொரோஸ்ட்ரோ என்றொரு சேரி இருந்தது. கடல் சீறினால் குடிசைக்குள் தண்ணீர்! அங்கே வாழ்ந்தோரில் பலர் ஜிப்சிகள். அவர்கள் பாட்டு வேண்டும் நகரத்தாருக்கு, ஆட்டம் வேண்டும், பக்கத்திலே வாழ அவர்கள் மட்டும் வேண்டாம்!

அந்தச் சேரி பெற்ற மகள்தான் கார்மென் அமாயா.

யார் இந்த ஜிப்சிகள்? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டுச் சென்ற மக்கள். அவர்தம் மொழியே அதற்குச் சான்று. ஸ்பெயின் அவர்களை எப்படி வரவேற்றது? நாடோடி வாழ்வை விட வேண்டும், இன்றேல் நாட்டைவிட்டு ஓட வேண்டும் என்று 1499-இல் ஆணை பிறந்தது. 1749-இல், குற்றமென்ன என்று கூடக் கேளாமல், கூட்டங்கூட்டமாகச் சிறைபிடித்தனர். ஆண்களை ஒருபுறம், பெண்களை மறுபுறம் பிரித்தனர்.

பிறகு சினிமா வந்தது. ஜிப்சிப் பெண் கதாநாயகி ஆனாள், கதையிலே! நடித்தது யார்? 1936-இல் வெற்றி முரசு கொட்டிய ‘மொரேனா கிளாரா’வில் ஜிப்சிப் பெண்ணாக வந்தவர் இம்பெரியோ அர்ஜென்தினா. பெரும் நடிகைதான், ஆனால் ஜிப்சி அல்ல. வேடம் ஒருவருக்கு, வேதனை வேறொருவருக்கு!

கார்மெனின் தந்தை கிதார் வாசிப்பவர். மதுக்கடைகளில் அவர் வாசிக்க, சிறுமி ஆடினாள். வீசியெறிந்த காசுதான் வீட்டுக்குச் சோறு. பள்ளி செல்லும் பருவத்தில் அவள் பாதம் சென்றது பலகை மேடைக்கு!

1935-இல் ‘ஹுவான் சிமோனின் மகள்’ படத்தில் ஆடினார். 1936-இல் எடுக்கப்பட்ட ‘மரியா தெ லா ஓ’வில் அவரே கதாநாயகி. ஜிப்சிப் பெண்ணாக ஜிப்சிப் பெண்ணே நின்றார்! அதே ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. லிஸ்பன் வழியாக அர்ஜென்டினா சென்றார், பின்னர் அமெரிக்கா. 1942-இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் ஆடினார். ஹாலிவுட்டும் அழைத்தது. எதற்கு? வந்து ஆடிவிட்டுப் போக!

பிளமெங்கோ ஆட்டத்தில் பெண்ணுக்குக் கை வளைவும் இடை நெளிவும். இடியென முழங்கும் காலடி ஆணுக்கே என்றிருந்தது வழக்கம். கார்மென் கால்சட்டை அணிந்து மேடை ஏறினார். பலகை அதிர்ந்தது, பழைய வழக்கமும் அதிர்ந்தது!

1947-இல் தாயகம் திரும்பினார். அங்கே பிராங்கோவின் ஆட்சி. மணமான பெண் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் கணவன் ஒப்புதல் தேவை என்ற சட்டம் 1975 வரை நீடித்த நாடு அது. அந்த நாட்டிலேதான் ஒரு சேரிப்பெண் தனக்கென ஒரு குழு அமைத்து, ஆண்களுக்கு முன்னே நின்று ஆடினார்.

கடைசிப் படம் ‘லாஸ் தாராந்தோஸ்’, 1963. பகைகொண்ட இரு ஜிப்சிக் குடும்பங்கள், இடையிலே இளங்காதல். கார்மெனுக்குக் காதலனின் தாய் வேடம். சிறுநீரக நோய் உடலை அரித்துக்கொண்டிருந்தது. ஆயினும், பிறந்த அதே சேரியிலே படப்பிடிப்புக்கு வந்து ஆடினார். அந்த ஆண்டு நவம்பர் 19-இல் பெகூரில் மறைந்தார். படமோ ஆஸ்கார் பரிசுக்கான போட்டி வரை சென்றது.

1966-இல் சொமொரோஸ்ட்ரோவின் குடிசைகளை இடித்துத் தள்ளினர். அவருடைய காலடியைத் திரையிலே கண்டு களித்தவர்கள், அந்தக் கால்கள் நடந்த தெருவை வாழத் தகுந்த இடமாக்க ஏன் முன்வரவில்லை? கைதட்டல் தந்தார்கள், தாராளமாக! கைகொடுத்தார்களா? கலையைப் போற்றிக் கலைஞரின் மக்களை ஒதுக்குவது பாராட்டு ஆகாது. அது பழைய தீண்டாமையின் புதிய ஒப்பனை!