நம்மைப் போல் ஒரு டிப்ளமோக்காரர்!

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன், கரியாலூர்)



இந்த மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது காந்தி, பாரதி, கலாம் மூவரையும் மற்றவர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நம் விடுதியில் மூன்று வருஷமாக முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்துதான். ராக் இசைக் குழுக்களின் முன்னால் நின்று, பாட்டோடு மேடையையும் சேர்த்துத் தூக்கி நிறுத்திய ஆண் பாடகர்களில் முதல் ஆள் யார்?

மெக்கானிக்கல்காரர்கள் லெட் செப்பலின் குழுவின் ராபர்ட் பிளான்ட் என்பார்கள். சிவில் பக்கம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர். ஆக்சல் ரோஸுக்கு ஒரு கோஷ்டி. 27 வயதில் போய்ச் சேர்ந்த ஜிம் மாரிசனுக்கும் கர்ட் கோபேனுக்கும் கண்கலங்க ஒரு கோஷ்டி. (27 வயதில் இறந்தவர்களைத் தனிப் பட்டியலாகவே போட்டு வைத்திருக்கிறது ராக் உலகம். நம்ம செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தபோது அவருக்கும் அதே 27தான். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் பாடிய மனுஷன்! அவரை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.)

நான் கல்வராயன் மலைக்காரன். திருவிழாவுக்கு வரும் ஆர்க்கெஸ்ட்ராவைப் பார்த்து வளர்ந்தவன். என் ஓட்டு குயின் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரிக்கு. குரலுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர் இந்தியாவில் விடுதியில் தங்கிப் படித்தவர். பிறகு பாலிடெக்னிக்கில் படித்தவர். கடைசியில் கையில் வாங்கியதும் டிப்ளமோ. நமக்கு வேறென்ன வேணும்?

அவருடைய இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி, கிராம்புக்குப் பேர்போன சான்சிபார் தீவில் பிறந்தார். அப்பா போமி, அம்மா ஜெர். இருவரும் குஜராத்திலிருந்து போன பார்சிகள். அப்பாவுக்குப் பிரிட்டிஷ் அரசில் காசாளர் வேலை. பையனுக்கு எட்டு வயசாகும்போது, 1955-இல், மகாராஷ்டிரத்தில் பஞ்சகனி என்கிற மலை ஊரில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். எட்டு வயசுப் பிள்ளை. வீடு கடலுக்கு அந்தப் பக்கம். நினைத்தால் பஸ் ஏறிப் போய்விட முடியாது. எங்கள் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் மாசத்து ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று. அவர்களுக்காவது லீவு விட்டால் நடந்தே வீட்டுக்குப் போக முடியும்.

போதாததற்கு மேல்வரிசைப் பற்கள் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். வாய்க்குள் கூடுதலாக நான்கு பற்கள் வேறு. பையன்கள் விடுவார்களா? பல்லை வைத்தே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாளில் கோடி கோடியாகச் சம்பாதித்தபோதும் அவர் அந்தப் பற்களைச் சரிசெய்துகொள்ளவில்லை. வாயின் அமைப்பை மாற்றினால் குரலும் மாறிவிடுமோ என்ற பயம். ஆனால் சிரிக்கும்போதெல்லாம் உதட்டால் மூடிக்கொள்ளும் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

ஃபரோக் ஃப்ரெடி ஆனது பஞ்சகனியில்தான். பியானோ கற்றதும் அங்கேதான். 1958-இல் பள்ளி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் முன்னால் நின்று பாடியது வேறொரு பையன். உலகத்தின் தலைசிறந்த முன்வரிசைப் பாடகர் என்று நான் வாதாடுகிற ஆள் அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்து பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்!

1963 வாக்கில் சான்சிபார் திரும்பினார். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது. சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. அரபு மக்களும் இந்திய வம்சாவளியினரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பல்சாரா குடும்பம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஃபெல்தம் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஃப்ரெடிக்கு அப்போது 17 வயசு. அங்கேதான் ஐல்வொர்த் பாலிடெக்னிக்கில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். அடுத்து ஈலிங் கலைக் கல்லூரி. 1969-இல் வரைகலை வடிவமைப்பில் டிப்ளமோ. டிப்ளமோவா என்று உதட்டைப் பிதுக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த வரியை வெட்டிக் கொடுங்கள்.

டிப்ளமோ வாங்கியதும் கார் வந்து நிற்கவில்லை. கென்சிங்டன் சந்தையில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய துணிக்கடை போட்டார். விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். இரண்டு மூன்று குழுக்களில் பாடினார், ஒன்றும் நிலைக்கவில்லை. டெய்லரும் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் நடத்திய ஸ்மைல் குழுவில் பாடகர் விலகிப் போக, 1970-இல் அந்த இடத்தில் இவர் போய் நின்றார். குழுவுக்குக் குயின் என்று பெயர் வைத்தவர் இவர். பல்சாராவை விட்டு மெர்க்குரி ஆனதும் அந்தச் சமயத்தில்தான். குழுவின் சின்னத்தையும் தானே வரைந்தார். நான்கு பேரின் ராசிகளையும் சேர்த்து, இரண்டு சிங்கம், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள். படித்த படிப்பு வீண் போகவில்லை பாருங்கள்.

1971-இல் ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். இவர் நம்ம டிபார்ட்மென்ட்! எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து சின்ன ஆம்ப்ளிஃபையர் செய்தார். டீக்கி ஆம்ப் என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. குயின் இசைத்தட்டுகளில் அந்தப் பெட்டியின் சத்தத்தை இன்றைக்கும் கேட்கலாம். பிரையன் மே இன்னும் ஒரு படி மேலே. பள்ளிப் பையனாக இருந்தபோதே அப்பாவோடு சேர்ந்து சொந்தமாகக் கிட்டார் செய்தவர். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். மெக்கானிக்கல் நண்பர்களே, ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு எழுதும்போது ஞாபகம் வையுங்கள். அதே பிரையன் மே 2007-இல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

1975-இல் வந்த பொஹீமியன் ராப்சடி பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 5 நிமிஷம் 55 வினாடி. பல்லவி திரும்ப வருகிற வழக்கமே கிடையாது. மெதுவான பாட்டாக ஆரம்பித்து, நடுவில் ஓபரா நாடகமாகி, பிறகு ராக்காக வெடித்து, கடைசியில் அடங்கிவிடும். நடுப்பகுதியில் ஒரு பெரிய பாடகர் கூட்டமே பாடுவது போல் கேட்கும். ஆனால் பாடியது மூன்றே பேர்! அன்றைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. 24 தடங்கள் கொண்ட காந்த நாடாதான். மூன்று பேரும் பாடிப் பதிவு செய்வார்கள். தடங்கள் நிறைந்ததும் அவற்றைக் கலந்து ஒன்றிரண்டு தடங்களில் அடக்கிவிட்டு, காலியான தடங்களில் மறுபடியும் பாடுவார்கள். மறுபடியும் அடக்குவார்கள், மறுபடியும் பாடுவார்கள். திரும்பத் திரும்ப ஓடி நாடாவின் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியுமாம். ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் இரைச்சல் ஏறும் என்பது நமக்குத் தெரியும். அதையும் மீறி அந்தப் பாட்டு அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. இவ்வளவு நீளமான பாட்டை வானொலியில் போட மாட்டார்கள் என்று கம்பெனி கையை விரித்தது. இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது!

குரலைப் பற்றிச் சும்மா புகழாமல் கணக்கோடு சொல்கிறேன். 2016-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் அவருடைய குரல் பதிவுகளை அலசினார்கள். பேசும்போது குரலின் சராசரி அதிர்வெண் சுமார் 117 ஹெர்ட்ஸ். அதாவது பிறவியில் நடுத்தரக் கனமான குரல். பாடியதோ உச்சஸ்தாயியில்! பாடும்போது சுருதி ஆடுகிற வேகம் வினாடிக்கு ஏழு தடவை. மற்ற பாடகர்களுக்கு அது பெரும்பாலும் ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் இருக்கும். நம்ம ஊர் கமகம் வேறு சங்கதி. ஆனால் காதில் அந்தப் படபடப்பு ஏன் வித்தியாசமாக விழுகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

பிளான்ட் கோஷ்டி இங்கே குறுக்கிடும். உச்சக் குரலில் பிளான்ட் குறைந்தவரா? இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2024-இலும் 80 வயதில் மேடையில் ஓடினாரே ஜாகர்? அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. கூட்டத்தில் கடைசி ஆளையும் யார் பாட வைத்தார்கள்?

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்பிளி மைதானத்தில் லைவ் எய்ட் நிகழ்ச்சி. சுமார் 72,000 பேர். குயினுக்குக் கிடைத்தது 21 நிமிஷம். அப்போது அவர்கள் காலம் முடிந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் நியாயமும் உண்டு. அதற்கு முந்தின வருஷம்தான் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், உலகமே புறக்கணித்திருந்தபோது, சன் சிட்டியில் போய்ப் பாடிக் கெட்ட பெயர் வாங்கியிருந்தார்கள். எனக்குப் பிடித்தவர் என்பதற்காக அதை மறைக்க முடியாது. சரி, வெம்பிளிக்கு வருவோம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். வெள்ளை பனியன், ஜீன்ஸ், கையில் பாதி ஒடிந்த மைக் கம்பி. (ஆரம்ப நாளில் ஒரு நிகழ்ச்சியில் கம்பி ஒடிய, அதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டார்.) நடுவில் வாத்தியம் எல்லாம் நின்றது. அர்த்தமுள்ள சொல் ஒன்றும் இல்லாமல் வெறும் ராகமாக ஒரு இழுப்பு இழுத்தார். கூட்டம் அப்படியே திருப்பிப் பாடியது. இன்னும் கஷ்டமாக ஒன்று கொடுத்தார். அதையும் பாடியது. மாரியம்மன் திருவிழாவில் ஒருத்தர் எடுத்துக் கொடுக்க ஊரே பின்பாட்டுப் பாடுமே, அது மாதிரி 72,000 பேர். யூடியூபில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் ஜாகர்தான் என்றால் நான் சிவில் மேசைக்கு டீ வாங்கித் தருகிறேன்.

2018-இல் வந்த படத்தில் இந்த நிகழ்ச்சிக்கு முன்பே நோய் தெரிந்துவிட்டது போல் காட்டியிருப்பார்கள். அது சினிமாவுக்காகச் செய்தது. உடம்பில் எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது 1987-இல்தான்.

இங்கே கொஞ்சம் நம்ம ஊர்க் கதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், நம்ம சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகள் சேகரிக்க, வேலூர் சி.எம்.சி.யில் சோதனை நடந்தது. அந்த வருஷங்களில் இந்த நோய் வந்தவனை உலகம் நடத்திய விதம் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். செஞ்சுருள் சங்கக் கூட்டத்தில் எய்ட்ஸ் என்றதும் பின் பெஞ்சில் இன்றைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கிறதே நண்பர்களே! ஃப்ரெடி ஆண்களை நேசித்தவர். கடைசி வருஷங்களில் ஜிம் ஹட்டன் என்பவர் துணையாக இருந்தார். நம் நாட்டில் அது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் முழுசாகச் சொன்னதே 2018-இல்தான். பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலில் காத்துக்கிடந்தார்கள். அவர் மெலிந்துகொண்டே போவதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அவரோ வாய் திறக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகர ஸ்டுடியோவில், நிற்கவே தெம்பில்லாத நாட்களிலும், முடிந்தவரை பாடிப் பதிவு செய்து வைத்தார். அவர் போன பிறகு மற்ற மூவரும் வாத்தியங்களைச் சேர்த்து அந்தப் பாட்டுகளை 1995-இல் வெளியிட்டார்கள்.

1991 நவம்பர் 23-ஆம் தேதி தனக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை கொடுத்தார். மறுநாள் இரவு இறந்துபோனார். வயசு 45. ஆளைக் காப்பாற்றும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தன. ஐந்தே வருஷம். நம் நாட்டில் 2004-லிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

அடுத்த ஏப்ரலில் அதே வெம்பிளியில் அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. அதில் சேர்ந்த பணத்தில் எய்ட்ஸ் ஒழிப்புக்காக மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. வீட்டை மேரி ஆஸ்டின் என்கிற பழைய தோழிக்கு எழுதி வைத்திருந்தார். பொஹீமியன் ராப்சடிக்கு மெட்டமைத்த பியானோ 2023-இல் லண்டனில் ஏலம் போனது, 17 லட்சம் பவுண்டுக்கு மேல்.

இறுதிச் சடங்கை அம்மா அப்பா முன்னிலையில் பார்சி குருமார்கள் தங்கள் முறைப்படி நடத்தினார்கள். மேடையில் மெர்க்குரியாக நின்றவர் பல்சாரா வீட்டுப் பிள்ளையாகப் போனார். அஸ்தியை எங்கே வைத்தார்கள் என்பது மேரி ஆஸ்டின் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.